வலைமேல் உட்கார்ந்த அராபா

அராபா ஓட்டுவா விலை சொல்லாமல் எங்கள் கரையில் ஒரு மீன்கூட விற்காது. மீன்காரிகளுக்கு அவள்தான் தலைவி. கேப் கோஸ்ட் நகரத்து வியாபாரி யாராவது பேரம் பேசினால், "போய் ரெண்டு சோள உருண்டை கெங்கே தின்னுட்டு தெம்பா வா, அப்புறம் பேசலாம்" என்று விரட்டிவிடுவாள். நான் கரைக் கமிட்டிச் செயலாளர். படகுகளுக்கான மானிய எரிபொருள் கொட்டகையின் சாவி என்னிடம்தான் இருக்கும். அதற்காகவாவது என்னை மதிப்பாளா என்றால், அதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை விடியலில் கடலுக்குப் போன அவள் மகன் ஏபோவின் படகு இரவாகியும் திரும்பவில்லை. மறுநாள் செவ்வாய். செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு, எந்தப் படகும் இறங்கக்கூடாது. மீறினால் ஊருக்கே மீன் கிடைக்காது என்று நம்புகிறோம். நானும்தான். அன்றைக்குக் கொட்டகையும் திறக்காது.

காலையில் அவள் மீனவர் தலைவர் நானா எஜீரின் வாசலில் போய் நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறு, அராபா. நாளைக்கு விடிஞ்சதும் எல்லாப் படகும் போகும்."

"நாளை வரைக்கும் மிதக்கறதுக்கு அவன் என்ன தக்கையா, நானா?"

அவர் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"கடலுக்கு எதுலேர்ந்து ஓய்வு? வலையிலேர்ந்துதானே? வலையை எறக்கி வச்சிட்டுத் தேடப் படகு போகட்டும்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பெண்களைக் கூட்டிப்போய் நானாவின் பெரிய படகிலிருந்த வலைகளையெல்லாம் இழுத்து வந்து, அவர் வாசலில் குவித்து, மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"தேடப் போற படகெல்லாம் திரும்பக் கரையேறுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். இதுல ஒரு இழை நனைஞ்சாலும் என்னைத் தலைமையிலேர்ந்து தூக்கிடுங்க."

நானா வலைக்குவியலை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "செயலாளரே, சாவி எங்க?"

"பையிலதான், நானா."

"பையிலயே இருந்தா கதவு தானா தொறக்குமா?"

ஓடினேன். அதை யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் தாண்டி நானாவின் படகு ஏபோவின் படகைக் கட்டி இழுத்து வந்தது. மோட்டார்தான் பழுது, படகிலிருந்த மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. ஊரே கரைக்கு ஓடியது. அராபா மட்டும் அசையவில்லை. ஏபோவே தள்ளாடி அவளிடம் வந்தான்.

"எல்லாரும் வந்தாங்க, நீ வரலையேம்மா."

"ரெண்டு படகும் ஏறிடுச்சா?"

"எங்களுது ஏறிடுச்சு. நானாவோடது இன்னும் தண்ணியிலதான் நிக்குது."

"அப்ப போய் இழு."

அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான். கயிறு இழுப்பவர்களின் பாட்டு நின்ற பிறகுதான் அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. விழப்போனவளை ஏபோ ஓடி வந்து பிடித்தான். அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.