சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

நாலு வருடத்துக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்த மே மாதம். திருச்செங்கோட்டில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, நாங்கள் நாலு பேரும் ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டுக் காட்டில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிங்கம் பார்க்கப் போனோம். இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் பாதியோடு நிறுத்திவிடுவேன். மீதியை இப்போதுதான் சொல்கிறேன்.

எங்களுக்கு போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழில். இங்கே போட்டி கூடிப்போனதால் என் கொழுந்தனார் இரண்டு வண்டிகளோடு ஜாம்பியா போய்த் துளை போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் தங்கிக்கொண்டு அப்படியே காட்டையும் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. எந்தக் காடு என்பதில்தான் தகராறு. நான் சொன்ன காட்டை அவர் வேண்டாம் என்றார். "அந்தப் பக்கம் வேண்டாங்க அண்ணி, இதைவிட நல்ல காடு காட்டறேன்" என்று கெஞ்சாத குறை. நான் விடுவேனா? எதிர்வீட்டுக்காரி அதே காட்டில் சிறுத்தையோடு படம் எடுத்து ஒரு வாரம் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். எனக்கு அந்தச் சிறுத்தைதான் வேண்டும். கொழுந்தனார் எங்களோடு வரவில்லை. கிளம்பும்போது என் வீட்டுக்காரர் மட்டும், "ரிக்கு கிக்குன்னு அங்க யாருகிட்டயும் வாயைத் தொறக்காதீங்க. கேட்டாச் சென்னைன்னு சொல்லுங்க" என்றார். திருட்டு பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் விடியற்காலையில், எங்களைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறவர் ஜீப்போடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம். பெயரைச் சொன்னார், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குளிருக்கு ஆளுக்கொரு போர்வை கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, நம்ம ஊர்ப் பூஜை! அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "போலாங்களா சாமி?" என்றார்.

பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட்டார்கள். நான் கையோடு வீடியோ எடுத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தார்.

யானைக்கூட்டம், வரிக்குதிரை, தண்ணீரில் நீர்யானை என்று ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டே போனார். ஒரு மரத்தடியில் டீ குடிக்க நிறுத்தினார். அப்போதுதான் என் பையன் அவருடைய இடது கையைப் பார்த்தான். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. பத்து வயசு, வாய் சும்மா இருக்குமா? சிங்கம் கடித்ததா என்று கேட்டுவிட்டான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சிங்கம் இல்லீங்க சாமி. ரிக்கு ராடு."

பிறகு இங்கிலீஷும் தமிழும் கலந்து அவர் சொன்ன கதை இது. தமிழ்க்காரர்களின் ரிக் வண்டியில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறார். நல்ல மனுஷர்கள், வயிறாரச் சோறு போட்டார்கள், ரசம் என்றால் இவருக்கு உயிர். வண்டியைப் பார்த்துக்கொண்டவரை 'சின்னண்ணா' என்றே சொன்னார். ஒருநாள் துளை போடும் நீள இரும்பு ராடு மாட்டும்போது நழுவிக் கையில் இறங்கிவிட்டது. சின்னண்ணா அழுதுகொண்டே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனாராம். ஒன்பது நாள் காத்திருந்து, யாரும் வராமல், கைக்கட்டோடு இவரே நடந்து போய்ப் பார்த்திருக்கிறார். வண்டி நின்ற இடத்தில் நசுங்கிக் காய்ந்த எலுமிச்சம்பழம்தான் கிடந்ததாம்.

"அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. இல்லீன்னா வந்திருப்பாரு" என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

என் கையில் இருந்த டீ ஆறிப்போனது. ஏனென்றால் அதற்குச் சில வருடம் முன்னால் இந்த விபத்தைச் சொல்லிக் கொழுந்தனார் ஃபோன் செய்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய காலை. கொழுந்தனார் ஆப்பிரிக்காவிலிருந்து அழுதார், ஆள் ஒருத்தருக்குக் கை போய்விட்டது என்று. என் வீட்டுக்காரர் திகைத்து நின்றார். பட்டுச்சேலையில் நின்றுகொண்டு வழி சொன்னவள் நான். "ஆஸ்பத்திரியில போட்டாச்சல்லங்க? அப்புறம் என்ன? போலீஸு கேசுன்னா வண்டி மாட்டிக்கும். ராத்திரியோட எடுத்துட்டுக் கெளம்பச் சொல்லுங்க. நல்ல நாளும் அதுவுமா அழுதுக்கிட்டு!" சொல்லிவிட்டுப் பந்தியில் பாயசம் பரிமாறப் போனேன். சாயங்காலத்துக்குள் மறந்தும் போனேன்.

அந்த ஆள்தான் என் பிள்ளைக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊருங்க? சின்னண்ணா ஊரு திருச்செங்கோடு தெரியுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் சென்னை என்றார். கேட்டவர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. "தெரியாதுங்க" என்றேன். பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊரையே தெரியாது என்றேன்.

என் மகளுக்கு அப்போது பதினாலு வயசு. அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா பொய் சொல்றீங்க? நம்ம ஊருதானே அது? சித்தப்பா வண்டியும் இங்கதானே ஓடுச்சு?"

அவள் சொன்னது அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்பது அந்த நிமிஷம் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அவர் என் வீட்டுக்காரர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரே ஜாடை, அண்ணன் தம்பி என்று எழுதி ஒட்டவேண்டியதில்லை. கத்துவார், நடுக்காட்டில் இறக்கிவிடுவார் என்றெல்லாம் நினைத்தேன்.

"சின்னண்ணா நல்லா இருக்காருங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் ஆமாம் என்று தலையாட்டினேன். டீக் கோப்பைகளை எல்லாம் வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. சிங்கத்தைக் காட்டினார், சிறுத்தையையும் காட்டினார், எல்லாம் இங்கிலீஷில். என் மகனைக்கூட சாமி என்று கூப்பிடவில்லை. நானும் மன்னிப்பை இன்றைக்குக் கேட்கிறேன், நாளைக்குக் கேட்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் கேட்காமலே விமானம் ஏறினேன். சிறுத்தைப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கத்தான் செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

ஊருக்கு வந்தபின், கடிதமாவது போடலாம் என்று கொழுந்தனாரிடம் ஃபோனில் பெயர் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. "அங்க எல்லாரையும் சாமின்னுதானுங்க அண்ணி கூப்புடுவோம்" என்றார். நான் மட்டும் என்ன யோக்கியம், மூன்று நாள் அவர் வண்டியில் உட்கார்ந்தும் பெயரைக் காதில் வாங்காதவள்தானே?

போன தை மாதம் மல்லசமுத்திரம் பக்கம் புது ரிக் வண்டிக்குப் பூஜை போட்டோம். மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு அன்றிலிருந்து என்னோடு பேச்சு அளவாகத்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நான்தான் வைத்தேன், வீட்டு மூத்த மருமகள் வைப்பதுதான் வழக்கம். வண்டி ஏறி நசுக்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அந்த மனுஷர் என்னைக் கண்டபடி திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசி இந்நேரம் மறந்திருப்பேன். எங்கள் வீட்டு ஆளை நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டாரே, அதைத்தான் என்ன செய்வதென்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.