பட்டாசு பேசாமல் இருந்த நாட்கள்

மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டும்போதே திட்டத் தொடங்கிவிடுவாள். "இது வாயா, தோண்டிப் போட்ட ரோடா? அளவு எடுத்தவருக்குக் கண்ணு எங்க இருந்துச்சாம்?" எந்தப் பல்மருத்துவர் அனுப்பிய வாய் அச்சானாலும் அவளிடம் கிடைக்கும் முதல் மரியாதை இதுதான். திட்டிக்கொண்டே உருகிய மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். முன்பல் ஒன்றை வேண்டுமென்றே ஓர் இழை கோணலாக வைப்பாள். "எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்க்கா."

பல் செட்டுகள் செய்யும் எங்கள் கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர் முதலாளி. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ரப்பர் கையுறையோடு அவள் மேசைக்குப் பக்கத்தில் வர, அவள் போட்ட கூச்சலில் வாசல் காவலாளி உள்ளே ஓடிவந்துவிட்டார். ரப்பர் பட்டால் அவளுக்குத் தோல் தடித்து மூச்சு முட்டும். கைக்குழந்தையிலிருந்து எத்தனையோ அறுவை சிகிச்சைகள். ஒவ்வொன்றிலும் ரப்பர் கையுறைகள் தொட்டுத் தொட்டு வந்த ஒவ்வாமை அது. அன்றிலிருந்து கூடம் முழுக்க வேறு கையுறைதான்.

முதுகெலும்பு மூடாமல் பிறந்தவள் அவள். ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். யாராவது உச்சுக்கொட்டினால் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். "வயித்துல இருக்கும்போதே முதுகு மூடல. பொறந்ததும் தைச்சுட்டாங்க. மூளையில தண்ணி தேங்காம இருக்க காதுக்குப் பின்னால உள்ளே ஒரு குழாய். ஒண்ணுக்குப் போக நானே வச்சு எடுக்கற குழாய் பையில இருக்கு, பாக்கறீங்களா?" உச்சுக்கொட்டியவர் நைசாக நகர்ந்துவிடுவார்.

கையில் இரண்டு ஊன்றுகோல்கள், காலைத் தாங்கும் பட்டைகள். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பட்டையைக் கழற்றி, கைக்கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பாள். கல் குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

"இவ்ளோ கஷ்டத்துலயும் எப்பவும் சிரிச்ச முகம்!" என்று ஒரு பல்மருத்துவர் புகழ்ந்துவிட்டுப் போனார். அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் எப்பக்கா சிரிச்சேன்?"

இப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

முதலாளிக்கு ஏக சந்தோஷம். "பொண்ணுக்கு இப்பதான் பக்குவம் வந்திருக்கு" என்றார். பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு மோசமான அச்சு வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். போன் அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் அவள் காலுறையில் குதிகால் பக்கம் ரத்தக் கறை. நான்தான் கழற்றினேன். ஆழமான புண்.

"எப்ப ஆச்சு?"

"தெரியலக்கா. பாக்கல."

அவளுடைய அண்ணனை வரவழைத்து, சின்ன வயதிலிருந்து அவள் முதுகைப் பார்த்துவரும் பெரிய டாக்டரிடம் மூவருமாகப் போனோம். புண்ணுக்குக் கட்டுப்போடச் சொன்னார். தலையிலுள்ள குழாயைப் படமெடுத்துப் பார்த்து அடைப்பு இல்லை என்றார். அப்போது அவள் மெல்லச் சொன்னாள். "காலைல கண்ணைத் தொறக்கவே பிடிக்கல டாக்டர். சும்மா சும்மா நெஞ்சு படபடங்குது. தூக்கமே இல்ல."

டாக்டர் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். "இந்த மாதிரி உடம்போட இருக்கறவங்களுக்கு மனசு சோர்ந்துபோறது சகஜம்தானே. டிவி கிவி பாக்கச் சொல்லுங்க. நாலு வார்த்தை தைரியம் சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வார்த்தைகளை நான் சொல்லியிருந்தால் என்ன ஏது என்று விசாரித்திருப்பார். முதுகு இப்படி இருந்தால் வாழப் பிடிக்காமல் போவதில் தப்பில்லை என்று அந்த மனிதர் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார். படித்த படிப்புக்கு இதுவா லட்சணம்? வெளியே வந்ததும் அண்ணன் தன் பங்குக்கு ஆரம்பித்தார். "உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்?" வீட்டில் அம்மா, "எல்லாம் என் வயித்தோட கோளாறு" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருந்தார்கள். அவளிடம் ஒரு கேள்வி கேட்க நாதியில்லை.

வேறொரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். அது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. ஊழியர்கள் இருவர், "தூக்கிட்டுப் போயிடறோம்மா, வெயிட்டே இருக்கமாட்டீங்க" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஊன்றுகோல்களைத் தரையில் வீசிவிட்டு முதல் படியில் உட்கார்ந்தாள்.

"தொட்டீங்க, கடிச்சுடுவேன்! நடக்க முடியாதவளுக்கு மனசு கெடாதுன்னு நெனச்சுதான் மாடியில கொண்டுபோய் வச்சீங்களா? டாக்டரை இங்க வரச் சொல்லுங்க!"

வாரக்கணக்காகக் கேட்காத குரல். எனக்குக் கண் கலங்கியது.

டாக்டரம்மா இறங்கி வந்தார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டார். கீழேயே ஒரு காலி அறையைத் திறக்கச் சொல்லி, கதவைச் சாத்தினார். என்னை இருக்கவிடலாமா என்று அவளிடமே கேட்டார். அவள் என் கையை விடவில்லை. பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டார். "சாகணும்னு தோணுதா?"

"சாகணும்னு இல்ல. நான் இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்னு."

"அதுக்காக ஏதாவது செஞ்சீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "கால் புண்ணை ஆரம்பத்துலயே பாத்துட்டேன். அப்படியே விட்டுட்டேன்."

டாக்டரம்மா நிறையக் கேட்டார், நிறையக் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னார். "இதுக்குப் பேரு மனச்சோர்வு. கூடவே பதற்றமும் இருக்கு. வைத்தியம் இருக்கற வியாதிங்க. முதுகுப் பிரச்சினை உள்ளவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வரும். அதிகமா வரும்னா, டாக்டருங்க அதிகமா கவனிக்கணும்னு அர்த்தம்."

அவள் நிம்மதியடைவாள் என்று நினைத்தேன். முகம் சிவந்து வெடித்தாள். "அப்ப அந்த ஆளு என்னைச் சும்மாவா திருப்பி அனுப்புனாரு? நான் செத்திருந்தா அதுவும் சகஜம்னு சொல்லியிருப்பாரா?"

"கோபப்படுங்க. நியாயமான கோபம்" என்றார் டாக்டரம்மா.

மாத்திரை, வாராவாரம் பேச்சு. சட்டென்று எதுவும் மாறிவிடவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்று இடையில் ஒருமுறை பிடிவாதம் பிடித்தாள். மாத்திரையால் வாய் வறண்டது. "ஊருக்கெல்லாம் பல்லு செய்யறேன், என் வாய் பாலைவனமா இருக்கு" என்று அதையும் திட்டினாள். கூடத்தில் மறுபடி சத்தம் கேட்கத் தொடங்கியபோது முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். குதிகால் புண் மெல்ல ஆறி வடுவாயிற்று.

முதுகுப் பரிசோதனைக்கான நாள் வந்தது. அந்தப் பெரிய டாக்டரின் அறையில் அண்ணன் ஒருபுறம், நான் ஒருபுறம், நடுவில் அவள். டாக்டர் தம் சுழல் நாற்காலியில் அண்ணன் பக்கம் திரும்பி, "இப்ப எப்படி இருக்காங்க? மனசெல்லாம் தேறிட்டாங்களா?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார்.

அவள் ஊன்றுகோலை மேசைக்கு மேலாக நீட்டி, நாற்காலியின் கைப்பிடியில் கொக்கி போட்டு, டாக்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.