காரில் பொங்கிய மாவு

கணவரின் அம்மா எங்கள் திருமணத்துக்கு வரவில்லை; ஈஸ்டர் அன்று முதன்முறையாகக் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். இந்துவான நான், அவர்கள் வீட்டு வழக்கப்படி ஈஸ்ட் கேக் செய்யத் துணிந்தேன். பிசைந்த மாவு பொங்கி வர, அதை வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொன்னது யூடியூப். வாசலில், வெயிலில் நின்ற காருக்குள் வைத்தேன்.

மறுபடி கதவைத் திறந்தபோது மாவு பாத்திரத்தைத் தாண்டி சீட்டில் வழிந்திருந்தது. திரும்பினால், பின்னால் கணவரின் அம்மா.

"சாரி ஆன்டி," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"பொங்கப் பானை வழிஞ்சா சந்தோஷப்படுவீங்கதானே? இதுக்கு மட்டும் ஏன்மா அழுவுற? பரவால்லலா," என்றவர், வளையல்களைக் கழற்றிவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சிய மாவைப் பிசைய உட்கார்ந்தார்.

கேக் லேசாகப் புளித்தது. "இன்னொரு துண்டு குடு," என்றார் அத்தை.

அதன்பின் அவரை நான் ஆன்டி என்று அழைத்ததே இல்லை.