ஒற்றைக் கண்ணுக்கு ஒரு லாரி

கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். அவர் கடகடவென்று ஒப்பித்தார். நான்கு வருடமாக அப்படித்தான். அட்டை முழுக்க மனப்பாடம். இந்த முறை அட்டையை மாற்றியிருந்தார்கள். டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்த விதத்திலேயே கதை முடிந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போயிருந்தது. வலது கண் சொட்டு மருந்தின் தயவில் நன்றாகவே இருந்தது. ஆனால் கனரக வண்டி ஓட்ட இரண்டு கண்ணும் வேண்டும் என்பது சட்டம்.

பதினாறு சக்கர வண்டியை இருபத்தேழு வருடம் ஓட்டியவர் என்பதால் சரக்கு முனையத்தில் எல்லோருக்கும் அவர் 'பதினாறு'தான். ஐம்பத்து மூன்று வயதில் பதினாறை வாசல் கேட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வண்டி வந்தால் பொத்தானை அழுத்திக் கம்பத்தைத் தூக்க வேண்டும், நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும், கம்பத்தை இறக்க வேண்டும். அவர் ஓட்டிய வண்டியே தினமும் இரண்டு தடவை அவர் மூக்குக்கு முன்னால் போய்வந்தது. புதிய ஓட்டுநர் மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் கர்ரென்று ஒரு அரைப்புச் சத்தம். பதினாறுக்குப் பல் கூசும்.

ஒரு நாள் மதியம் கையெழுத்து வாங்குவதற்காகச் சம்பளப் பிரிவுக்குப் போனவர், அங்கிருந்த குமாஸ்தா கணினியில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மழை பெய்தது. கண்ணாடியில் வைப்பர் ஆடியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்சக்கரங்கள் தெரிந்தன.

"இதுல கியர் எங்க இருக்கு?"

"கீபோர்டுலதான் பதினாறு. ஸ்டியரிங், கிளட்ச், கியரு எல்லாம் தனியா வாங்கிக்கலாம். ஆனா இதுக்குன்னே நல்ல கம்ப்யூட்டர் வேணும். இந்த ஆபீஸ் டப்பா மேடு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது பாருங்க."

பதினாறு திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். ஒரு கண் போனால் எட்டத்தில் இருப்பது எவ்வளவு எட்டம் என்று தெரியாது என டாக்டர் சொல்லியிருந்தார். திரையிலோ இரண்டு கண் இருக்கிறவனுக்கும் எல்லாம் தட்டைதான். இங்கே அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

ஓட்டுநர் வேலையை விட்டதற்காகக் கம்பெனி ஒரு தொகை கொடுத்திருந்தது. வீட்டில் மனைவி அதைப் பங்கு பிரித்தபோது, ஒழுகும் கூரைக்கு ஒரு பங்கு, கண் வைத்தியத்துக்கு ஒரு பங்கு போக, எண்பதாயிரம் மிஞ்சியது.

"இது உங்களுக்கு" என்றாள். "விளையாட்டு சாமானா இருந்தா என்ன, வாங்கிக்குங்க. வீட்டுல உர்ருன்னு உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க முடியல."

பழைய ஸ்டியரிங் செட் ஒன்றைக் குமாஸ்தாவே சல்லிசாகப் பிடித்துக் கொடுத்தார். மிச்சத்தில் கணினி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருந்தன. முதல் இரண்டு கடைகளில் "பையனுக்கா சார்?" என்று கேட்டு, கலர் கலராக விளக்கு எரியும் பெட்டிகளைக் காட்டினார்கள். மூன்றாவது கடையில் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் தனியாக உட்கார்ந்து எதற்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கடை அவளுடையதுதான்.

"யாருக்குண்ணே?" என்றாள்.

"எனக்குத்தான். லாரி ஓட்டணும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தாள்.

மூன்று சனிக்கிழமைகள் அந்தத் தாளோடு போயின. அவள் சொல்லச் சொல்ல, அவர் தன் பாஷையில் அதை மாற்றி வைத்துக்கொண்டார். பிராசசர்தான் இன்ஜின். படத்தை வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டு. இழுவை முழுக்க அதன் தலையில்தான், பணத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். மதர்போர்டு சேஸிஸ் மாதிரி, எல்லாம் உட்கார இடம் கொடுத்தால் போதும், மினுமினுப்பு வேண்டாம்.

"பவர் சப்ளைல ஒரு ரெண்டாயிரம் குறைக்கலாமா தங்கச்சி? விலை கம்மியா ஒண்ணு மாட்டியிருக்கே அங்க."

"அது படுத்தா தனியாப் படுக்காதுண்ணே. எல்லாத்தையும் கூட இழுத்துட்டுப் போகும்."

"பிரேக்குல மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னு சொல்ற. சரி, விடு. பெட்டியில குறை. தகரமா இருந்தாக் கூடப் பரவாயில்லை, காத்துப் போனா சரி."

பிராசசர் விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். தானே கொஞ்சம் படம் காட்டக்கூடிய வகையாகப் பார்த்து எழுதினாள். "கார்டு என்னைக்காவது மக்கர் பண்ணினாலும் இது வண்டியை ஓரங்கட்டுற வரைக்கும் கொண்டுபோகும்." கடைசியில் எழுபதாயிரத்து சொச்சத்தில் பட்டியல் நின்றது. அவருக்காக ஒரு கார்டை அலமாரியில் தனியே எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள்.

"அம்மா சொன்னாங்கப்பா. ஏன் வெளியாள்கிட்ட போறீங்க? இவருக்குத் தெரிஞ்ச மொத்தக் கடை இருக்கு. லிஸ்டை அனுப்புங்க, அதே பொருள் இன்னும் நல்லதா வாங்கித் தருவாரு."

"அந்தப் பொண்ணு மூணு வாரமா எனக்காக மெனக்கெட்டிருக்கும்மா."

"அது வியாபாரம்ப்பா. மாப்பிள்ளை இருக்கும்போது நீங்க கடை கடையா அலைஞ்சா அவருக்கு எப்படி இருக்கும்?"

மாப்பிள்ளை காப்பீடு விற்பவர். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அவருக்கு முகம் வாடக் கூடாது என்பதற்காகப் பதினாறு பணத்தை அனுப்பினார். கடைக்காரிக்கு அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்துவிட்டார்.

பத்து நாளில் பெட்டிகள் வந்தன. மாப்பிள்ளையே தரையில் உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தார். "அருமையான கார்டு மாமா. சீல் உடைக்காம கொண்டுவந்திருக்கேன்" என்று தானே ஒட்டுத்தாளைக் கிழித்தார். கூடத்து மூலையில், மனைவி துணி தேய்க்கும் மேசையில் ஸ்டியரிங்கை முடுக்கினார்கள். மாப்பிள்ளை கிளம்பிய பிறகு பதினாறு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். திரைக்குள் இன்ஜின் உறுமியது. அணைத்துவிட்டு இன்னொரு முறை திருப்பினார்.

மூன்று வாரம் அவர் வேறு ஆளாக இருந்தார். கேட்டிலிருந்து நேராக வீடு. நாற்பதடிக் கொள்கலனைக் குறுகலான சந்தில் பின்னோக்கி எடுத்து ஒரே மூச்சில் மேடையில் சேர்ப்பார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். "இடிக்கப்போறீங்க" என்பாள். "இருபத்தேழு வருஷத்துல இடிச்சிருக்கேனா?" என்பார்.

நான்காவது வாரம் சத்தம் வந்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கார்டின் விசிறியில் ஒரு மெல்லிய இழுவைச் சத்தம். தேய்ந்துபோன பேரிங்கின் சத்தம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். புதுப் பொருளில் அது எப்படி வரும்? இரண்டு நாள் கழித்து ஒரு மலையேற்றத்தின் நடுவில் திரை இருண்டது. பெட்டியைத் தொட்டார். கை சுட்டது.

வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போனார். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கார்டைக் கழற்றி, விசிறி மூடியைத் திறந்தாள். உள்ளே தூசி தார் மாதிரி கருகி ஒட்டியிருந்தது. திருகாணித் தலைகள் மழுங்கியிருந்தன.

"இது புதுசு இல்லண்ணே. ரெண்டு மூணு வருஷம் நிறுத்தாம ஓடினது. இன்டர்நெட்டுல காசு எடுக்கிறோம்னு ஒரு கூட்டம் பத்துப் பதினைஞ்சு கார்டை வரிசையா வச்சு ராப்பகலா ஓட்டினாங்களே, அந்த மாதிரி." பட்டியலை எடுத்து ஒப்பிட்டாள். "பிராசசரும் நான் எழுதினது இல்ல. படம் காட்டாத வகை, விலை கம்மி. பவர் சப்ளையும் வேற. மொத்தமாப் பார்த்தா முப்பதாயிரம் பெறும். யார்கிட்ட வாங்கினீங்க?"

அவருக்கு மகள் வீட்டின் பின்னறை நினைவுக்கு வந்திருந்தது. எப்போதும் பூட்டியிருக்கும், உள்ளிருந்து இரைச்சல் வரும். "ஏதோ ஆன்லைன் பிசினஸ்ப்பா" என்பாள்.

கடைக்காரி கார்டைத் திருப்பினாள். பின்தகட்டில் அழியாத மையில் ஒரு எண் எழுதியிருந்தது: 7. நடுவில் ஒரு குறுக்குக் கோடு, கோட்டின் முனையில் ஒரு சுழி. அந்தச் சுழியை விடச் சொல்லி டீச்சர் மகளை எத்தனையோ முறை அடித்திருக்கிறார். அவள் விடவே இல்லை. இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டில் அவர் கையெழுத்துப் போட்ட பக்கங்கள் முழுக்க அந்த ஏழுதான்.

கடைக்காரி தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"ஏழாம் நம்பர் யாரும்மா எழுதினது?"

அந்தப் பக்கமிருந்து அழுகுரல் வந்தது. "அப்பா, அந்தத் தொழில்ல எல்லாமே போயிடுச்சு. வாடகை மூணு மாசம் நின்னுபோச்சு. கொஞ்ச நாள்ல சரி பண்ணிடலாம்னு இவரு சொன்னாரு…"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா. மொத்தத்தையும் குடுத்திருப்பேன்."

"உங்ககிட்ட கேட்டா அவருக்குத் தலைகுனிவு இல்லையா?"

"அவரு தலை குனியக் கூடாதுன்னு அப்பன் கண்ணுல மண்ணைத் தூவினியா? ஒரு கண்ணுதாம்மா மிச்சம் இருக்கு."

போனை வைத்துவிட்டார். மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. "பொண்ணைக் குடுத்த இடம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வந்தார், தனியாக, ஒரு பை நிறையப் பழத்தோடு. மன்னிப்புக் கேட்பார் என்று மனைவி எதிர்பார்த்தாள். அவரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மார்க்கெட்ல இப்ப பழைய கார்டுக்கே அந்த விலைதான் மாமா. நீங்க ரொம்ப அழுத்தி ஓட்டியிருப்பீங்க" என்றார்.

பதினாறு எழுந்து உள்ளே போனார். கார்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்து நீட்டினார்.

"உங்க பொருள் மாப்பிள்ளை. தெரியாம எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

அது ஒரு அடி, மாப்பிள்ளைக்கு உறைக்கும், கூனிக்குறுகிப் போவார் என்று நினைத்துத்தான் கொடுத்தார். மாப்பிள்ளை பொட்டலத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார். பழங்களை மேசையில் எடுத்து வைத்தார். காலிப் பையில் கார்டைப் போட்டுக்கொண்டு, "சரி பண்ண முடியுதான்னு பார்க்கிறேன் மாமா" என்று செருப்பை மாட்டினார். ஒரு வாரத்தில் அது வேறு யாருக்கோ விற்றுப்போயிருக்கும்.

கார்டு போன பிறகு கணினியால் எதையும் காட்ட முடியவில்லை. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும்; திரை கறுப்பாகவே இருக்கும். மேசையில் மறுபடி துணி தேய்த்தார்கள். மகள் வீட்டுக்குப் பதினாறு போகவில்லை. மனைவி மாதம் ஒரு முறை "சந்தைக்கு" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். அவர் கேட்டுக்கொள்வதில்லை.

கேட்டில் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்து, கிடைத்த காசைத் தனியே வைத்தார். எட்டு மாதத்தில் கடைக்காரியிடம் போய் ஒரு கார்டு வாங்கினார். புதிது, பில்லோடு, முதலில் எழுதியதில் பாதி பலம் இருந்தால் அதிகம். மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்தகடு சுத்தமாக இருந்தது. அப்படிப் பார்த்ததற்காக அவருக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

இந்தக் கார்டில் மழை பெய்யவில்லை. மழையை அணைத்து வைத்தால்தான் வண்டி திக்காமல் ஓடியது. மரங்கள் அட்டையில் வெட்டி நட்டவை போல நின்றன. அவர் கொள்கலனை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறியபோது மனைவியின் போன் அடித்தது. அவள் பேசினாள், குரலைத் தாழ்த்திப் பேசினாள். பிறகு அவர் அருகே வந்து போனை நீட்டினாள்.

"அவதான். உங்ககிட்ட ஒரே நிமிஷம் பேசணுமாம்."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டிட்டிருக்கேன்னு சொல்லு."

அவள் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவர் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட்டார்.