தப்பு செய்கிறவளுக்குப் போட்ட முகம்

பீர் முகைதீன் சிவகாசி அச்சகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தவர். 2008-இல் சூலக்கரைப் பக்கம் கம்ப்யூட்டர் பாடம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பட்டாசுத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பாடத்தைப் பொம்மைகள் நடித்துக் காட்டும்படி சி.டி.யாக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் இருந்த பொம்மைகள் எல்லாம் கோட்டும் டையும் போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு நிறம் மாற்றி, சேலை கட்டி, நம்மூர் ஆட்களாக்குவதுதான் அவர் வேலை. மாதிரிக்காகக் கேமராவோடு எம். புதுப்பட்டி ஆலைக்குப் போனார்.

வெடிக் குழாய்களில் மருந்து செலுத்தும் வேலுத்தாய்தான் அங்கே எல்லாவற்றையும் விளக்கினாள். "உள்ள நுழையுமுன்ன இந்தச் செம்புத் தகட்டத் தொடணும் பாய், ஒடம்புல இருக்க கரண்டு எறங்கிரும். நைலான் சேலை கூடவே கூடாது, ஒரசுனா பொறி தெறிக்கும்." கேட்டதும் படத்துக்கும் நின்றாள்.

பாடத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி சரியாக வேலை செய்வாள். இன்னொருத்தியால் விபத்து நடக்கும். "பாத்த உடனே யாரு தப்பானவன்னு தெரியணும்" என்றார் கம்பெனி முதலாளி ராஜபாண்டியன். பீர் முகைதீன் யோசிக்கக்கூட இல்லை. சரியானவளுக்கு, பட்டாசு லேபிள்களில் அவர் வரைந்து பழகிய பெண்களின் சிவந்த முகம். தப்பானவளுக்கு வேலுத்தாயின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த முகம்: நல்ல கறுப்பு, துருத்திய பல், இரண்டு பக்கமும் மூக்குத்தி.

ஒரு மாதம் கழித்து அதே ஆலையின் சாப்பாட்டுக் கொட்டகையில் பாடத்தைப் போட்டுக் காட்டினார்கள். தப்பானவளாக வரும் பொம்மை மருந்துச் சட்டியைத் தரையில் உரச இழுத்துக்கொண்டு வந்ததும், "ஏ, நம்ம வேலுத்தாயில்லா!" என்று ஒருத்தி கத்த, கொட்டகையே சிரித்தது. வேலுத்தாயும் முதலில் சிரித்தாள். பொம்மையின் மேல் தீப்பிடித்தபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பீர் முகைதீன் எழுந்து அதை நிறுத்தியிருக்கலாம். குனிந்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"என்னைய எதுக்கு பாய் தப்பு செய்றவளாப் போட்டீக? பதினெட்டு வருசத்துல என் கையில ஒரு பொறி கெளம்புனதுண்டா?"

முதலாளி மேல் பழியைப் போட வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார். "நீங்க கறுப்பா இருந்தீகக்கா. அதான்."

அவள் புருசன் சங்கையா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க மட்டும் என்ன வெளுப்பாக்கும்?" என்றாள் வேலுத்தாய்.

"மாத்திருதேன்க்கா. சரியா செய்றவளுக்கு உங்க முகத்தப் போடுதேன்."

"வேண்டாம். எம் மூஞ்சி எதுலயும் வேண்டாம். எடுத்துருங்க, போதும்."

இரண்டு பெண்களுக்கும் ஒரே நிறம் கொடுத்து, யார் சாயலும் இல்லாமல் புதிதாக வரைந்தார். ஆனால் பழைய சி.டி. ஏற்கெனவே பல ஆலைகளுக்குப் போய்விட்டிருந்தது. லீவு போட்டுவிட்டு ஒவ்வோர் ஆலையாகப் போய் மாற்றிக் கொடுத்தார். நாரணாபுரத்தில் ஓர் ஆலைக்கு அவர் போனபோது பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரமாதமா இருக்கு பாய், நீங்க வரைஞ்சதா?" என்றார் போர்மேன்.

"ஆமா, நாந்தான். தப்பா வரைஞ்சுட்டேன்" என்று சொல்லி சி.டி.யை வெளியே எடுத்தார்.

"அந்தக் கறுப்பி எந்த ஊருக்காரி பாய்?" என்றாள் முன்னால் இருந்தவள்.

பீர் முகைதீன் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே புதிய சி.டி.யைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். இன்னும் ஏழு ஆலைகள் பாக்கி இருந்தன.