இரண்டு கையெழுத்து

தமயந்திக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தொம்மலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கணவன் டிரேவர் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுபவன். இருவரும் ஆறு வருடம் சேர்த்ததில் பெரும்பகுதியை பிட்காயினாக ஒரு நிறுவனத்தின் செயலியில் வைத்திருந்தார்கள். அங்கே திருட்டு நடந்தது. யாரும் எதையும் எடுக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்துப் பாதிதான் வந்தது.

இனிமேல் அடுத்தவன் கையில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். தானே வைத்துக்கொள்ளும் வழிகளை ஒரு மாதம் படித்தாள். போனில் வைத்தால் போன் களவு போகலாம். பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. ஆனால் கருவி தொலைந்தால் மீட்பதற்காகச் சீட்டில் எழுதி வைக்கும் இருபத்துநான்கு வார்த்தைகளைப் பார்த்துவிட்டவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம். டிரேவரோ முக்கியமான சீட்டைச் சட்டைப்பையோடு துவைக்கப் போடுகிற ஆள். அதனால் ஆளுக்கொரு கருவி வாங்கினாள். இரண்டிலும் பொத்தானை அழுத்தி ஒப்புதல் கொடுத்தால்தான், அதாவது இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான், காயின் நகரும்படி பூட்டினாள்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் அஷ்வின் எச்சரித்தான். "மூணு கருவி வாங்கி மூணு சாவியா போடுங்கக்கா. எந்த ரெண்டு இருந்தாலும் தெறக்கும். மூணாவத வெளிய யார்கிட்டயாவது குடுத்து வைங்க."

"யார்கிட்ட குடுக்கறது?" என்றாள். தம்பியிடம் கொடுக்க மனம் வரவில்லை. வேறு யாரும் தோன்றவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருடம் டிரேவர் அவளை அடித்தான். இரண்டாவது முறை அடித்தபோது, போய்விடுவது என்று தீர்மானித்தாள். ஆனால் இந்த ஊரில் வீடு பிடிக்க வாடகையைப் போலப் பல மடங்கு அட்வான்ஸ் வேண்டும்.

"என் பங்க எடுத்துக்கறேன். உன் கையெழுத்து வேணும்."

"போடறேன். இப்ப என்ன அவசரம்?"

முடியாது என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பான், ஞாயிறு வந்தால் வேலை இருக்கிறது என்பான். ஏழு மாதம் அப்படிப் போயிற்று. தொகை போனில் தெரியும், கை வைக்க முடியாது. அந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தவள் தானேதான் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

கூட வேலை பார்க்கும் சாந்தகுமாரிதான் ஒருநாள் அவள் தோளில் இருந்த கன்றலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். தமயந்தி முதல்முறையாக ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஸ்ரீராம்புரத்துல எங்க வீட்டு மேல ரூம் சும்மாதான் கெடக்கு. அட்வான்ஸ் எல்லாம் வேணாம். வா."

டிரேவர் அத்திபெலேக்கு ஒரு கல்யாண வேலையாகப் போன அன்று, இரண்டு பைத் துணியோடும் தன் கருவியோடும் வெளியேறினாள்.

விவாகரத்து வழக்கில் சமரசம் பேச உட்கார்ந்த வக்கீல் அம்மா கேட்டார்: "அந்தப் பணம் எந்த பேங்க்ல இருக்கு?"

"எந்த பேங்க்லயும் இல்ல மேடம்."

டிரேவர் அமைதியாகச் சொன்னான்: "என் கருவி தொலஞ்சு போச்சு. எழுதி வச்ச பேப்பரும் காணோம்."

அது உண்மையானால் அந்தக் காயினை இனி யாராலும் தொட முடியாது. பொய் என்று நிரூபிக்கவும் வழியில்லை. மனு கொடுக்க ஓர் அலுவலகமாவது உண்டா என்றால், அதுவும் கிடையாது. அலுவலகமே வேண்டாம் என்றுதானே அவள் இந்த வழிக்கு வந்தாள். பணத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, விடுதலை மட்டும் கேட்டாள். கிடைத்தது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் அவன் பின்னால் வந்தான். "உன் சாவி இருக்குல்ல?"

அவனுடையது தொலையவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. "இருக்கு. ஆளுக்குப் பாதி. இப்பவே போடலாம்."

"எனக்கு முக்கா. இல்லன்னா அப்படியே கெடக்கட்டும்."

அவள் "கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.

இரண்டு வருடமாகிறது. சில காலைகளில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தொகையைத் திறந்து பார்க்கிறாள். ஏறியிருக்கும், இறங்கியிருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்புகிறாள்.