பாலத்தில் நின்ற ஒயர்மேன்

“யாருங்க எந்தம்பிய ஓட விட்டது?”

போன வியாழக்கிழமை மத்தியானம், திண்டிவனத்தில் கோபியின் ஃபிளெக்ஸ் கடை வாசலில் நின்றபடி ஒரு பெண் கேட்டார். முப்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் செல்போன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கோபி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோபிக்கு ஒரு கூட்டாளி உண்டு — கோட்டக்குப்பம் ரஃபி பாய். வளைகுடாவில் வேலை பார்த்தபோது, கூடத் தங்கியிருந்த ஒருவரிடம் மேஜை மேல் ஆடும் ஒரு போர் விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தவர். கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள், பகடை, அளக்க ஒரு டேப். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் பெட்டியில் கம்பளி கொண்டுவந்தார்கள், இவர் ஒரு படையையே கொண்டுவந்தார்.

விளையாட்டை விட அதன் கதை பெரியது. இல்லாத ஒரு உலகம். அதற்கு ராஜாக்கள், சாபங்கள், ஆயிரம் வருஷச் சண்டைகள். எல்லாம் தலையணை மாதிரி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் வீடியோ தொடராகப் போடலாம் என்று இருவரும் இறங்கினார்கள். படம், எடிட்டிங் கோபி. கதை ரஃபி. குரல்? கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்துப் பேசிப் பழகிய நான்.

ஏழாவது பாகம்தான் வினையாகிப்போனது. நீலக்கல் பாலம் என்று ஓர் இடம். எதிரிப்படை வருகிறது. காவலுக்கு இருந்தது இருபது பேர். மூன்று பேர் ஓடிவிடுகிறார்கள். பதினேழு பேர் நின்று சாகிறார்கள். புத்தகத்தில் அவ்வளவுதான். பேர் கிடையாது.

“இருபது பேருன்னு நம்பர் சொன்னா யாருக்குண்ணா வலிக்கும்? பேரு சொன்னாத்தான் வலிக்கும்” என்றான் கோபி. அவன் தொழில் அப்படி. விசேஷ வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் பேனர் அடித்து அடித்து, ஒரு பெயருக்கு எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரியும்.

படிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்க, இப்போதைக்கு இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் கிடந்த ஏதோ பழைய ஃபைலிலிருந்து இருபது பேரை அள்ளி ஒட்டிவிட்டான். அப்புறம் கற்பனைப் பேராக மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

நான் மைக் முன்னால் உட்கார்ந்து படித்தேன். கூட்டேரிப்பட்டு ஆறுமுகம்... வளவனூர் தேவராஜ்... என்ன பெயர்கள்! வாயில் போட்டால் கரைகிறது. கடைசி மூன்று பேர் ஓடினவர்கள். அதில் முதல் ஆள் — வல்லம் ‘ஒயர்மேன்’ சகாயராஜ்.

அந்த உலகத்தில் வாள் உண்டு, வேதாளம் உண்டு. கரண்ட் கிடையாது. அங்கே ஓர் ஒயர்மேன்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மாத்தாத கோபி, இதான் அழகு” என்றேன். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நக்கலாக, மண்டபத்தில் கைத்தட்டல் வாங்குகிற குரலில் அந்தப் பெயரைச் சொன்னேன். கமெண்ட் பூராவும் அதுதான். ‘ராஜா காலத்துல ஒயர்மேனா ப்ரோ?’

எந்த ஃபைல் என்று நான் கேட்கவில்லை. கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்... சொல்லுங்கள்?

கண்ணீர் அஞ்சலி ஃபைல்.

வாசலில் நின்றவர் பெயர் அற்புதமேரி. சகாயராஜின் அக்கா. பேனர் ஆர்டர் கொடுக்க வந்ததும் அவர்தானாம்.

கோபி மவுஸைப் பிடித்தான். “மன்னிச்சிருங்கக்கா. இப்பவே டெலிட் பண்ணிடறேன்.”

“டெலிட் பண்ணுவீங்க. எங்கம்மா கேட்டாச்சே? அவங்க காதுலருந்தும் டெலிட் பண்ணுவீங்களா?”

கோபி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“யாரோ போன்ல அனுப்பிச்சாங்க. அம்மா அத வச்சிக்கினு நாலு தடவ கேட்டாங்க. ராஜா புரியல, பாலம் புரியல. புள்ள பேரு வர்ற இடம் மட்டும் புரியுது. ‘எம்புள்ள எதுக்குடி ஓடனான்?’னு என்னைக் கேக்கறாங்க. நான் இன்னாங்க சொல்றது?”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

சகாயராஜ் எப்படிப் போனார் என்பதையும் நின்றுகொண்டேதான் சொன்னார். விக்கிரவாண்டி பக்கம் வேலை முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்திருக்கிறார். முன்னால் போன மொபெட் சறுக்கி ஒரு அம்மா ரோட்டில் விழுந்திருக்கிறார். வண்டிகள் விலகி விலகிப் போய்க்கொண்டே இருக்க, இவர் மட்டும் பைக்கை ஓரம் கட்டிவிட்டுப் போய் அந்த அம்மாவைத் தூக்கி ஓரத்தில் விட்டிருக்கிறார். அந்த அம்மாவின் செருப்பை எடுக்கத் திரும்பிப் போனபோது லாரி.

“துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் ஒரே பேச்சு. ‘அவன் எதுக்கு நின்னான், பேசாம போயிருந்தா பொழச்சிருப்பானே’ன்னு. நின்னதாலதாங்க செத்தான். ஓடத் தெரிஞ்சிருந்தா இன்னிக்கி எங்க வீட்ல சோறு துன்னுக்கினு இருப்பான்.”

ஃபிளெக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோபி எழுந்துபோய் அதை நிறுத்தினான்.

நான்தான் கேட்டேன். “நாங்க இப்ப இன்னா பண்ணணும்மா? பேர எடுத்துடலாமா?”

“எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. பேரு இருக்கட்டுமாம். நிக்கிற பக்கம் போடச் சொல்றாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கூட ரெண்டு பேர ஓட விட்டீங்களே, அவங்க யாரு வீட்டுப் புள்ளைங்க?” என்றார்.

கோபி ஃபைலைத் திறந்து பார்த்தான். வீரமணி. வேலு. அந்த மூன்று பேரும் ஏன் ஓடினார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஃபைலில் பெயர்கள் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் நிற்கின்றன. ஏ, டி-யில் தொடங்கியவர்கள் வீரர்கள். எஸ், வி-யில் தொடங்கியவர்கள் கோழைகள். ஒரு மனுஷன் எப்படி வாழ்ந்தான் என்பதை எவ்வளவு சுளுவாக முடிவு செய்திருக்கிறோம் பாருங்கள்!

வெள்ளியும் சனியும் போன் போட்டோம். பத்தொன்பது வீடு. ஆர்டர் கொடுத்தவர்களின் நம்பர் கடையில் இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பேர் இருக்கலாமா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டோம். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டோம். ஒருவர், “எங்கப்பாவா? அவரு சண்டைன்னா விலக்கி விடற ஆளுங்க. பரவால்ல, நடுவுல நிக்க வைங்க” என்றார். ஒரு பெண் அழுதார். “அவரு பேர வெளியாளுங்க வாயால கேட்டு ரொம்ப நாளாச்சு” என்றார்.

மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள். எடுத்துவிட்டோம். காலியான அந்த மூன்று இடத்தில் சகாயராஜும் வீரமணியும் வேலுவும் ஏறி நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி ரெக்கார்டிங். அங்கே ஒரு சிக்கல்.

“ஓடறதுக்கு ஆளே இல்லியே?” என்றான் கோபி. “பாய், பேசாம இருபது பேரும் நின்னாங்கன்னு வச்சிக்கலாமா?”

ரஃபி ஒத்துக்கொள்ளவில்லை. “புக்குல மூணுன்னா மூணுதான். மாத்தனா பாக்கறவனுங்க பேஜாரு பண்ணுவானுங்க. அது கெடக்கட்டும்... மூணு பேரு ஓடற ஓட்டத்துல, கூடவே ஓடாம பதினேழு பேரு நின்னாங்க பாரு. அதாம்பா கதை.”

“சும்மா ஒரு பேரு கட்டி வுட்ரலாமா?”

“அந்தப் பேருலயும் எவனாவது செத்திருப்பான்” என்றேன். “என் பேரப் போடு.”

“ண்ணா, உங்க வாயாலயே உங்க பேரா?”

“கேக்காம படிச்சது நாந்தானே.”

கோபி கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான். “எடுத்து ஒட்டுனது நானு. ரெண்டாவது என்னுத எழுதிக்கோங்க.”

“பொம்மையக் கொண்ணாந்ததே நானு. மூணாவது நானு” என்றார் ரஃபி. “ஆனா ஒண்ணு, ஊர்ல கேட்டா ஓடல, ஜல்தியா நடந்தேன்னுதான் சொல்லுவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

படித்தேன். பதினேழு பெயரையும் நிதானமாக, நக்கல் இல்லாமல். ‘வல்லம் ஒயர்மேன் சகாயராஜ் — நின்றார்.’ பிறகு ஓடியவர்கள். மண்டபங்களில் ஆயிரம் பேரைப் பேர் சொல்லி அழைத்திருக்கிறேன். என் பேரைச் சொல்ல நாலு டேக் ஆனது. என் பேர் இங்கிலீஷில் ஏ-யில்தான் தொடங்குகிறது. வரிசையை நம்பியிருந்தால் நான் வீரன்.

வெளியிடுவதற்கு முன்னால் அற்புதமேரிக்கு அனுப்பினோம். சாயந்திரம் போன் வந்தது.

“அம்மா கேட்டுட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். அந்தப் பாலத்தாண்ட கரண்ட் இருக்குதாங்க?”

“இல்லீங்கம்மா. அந்த உலகத்துலயே இல்ல” என்றேன்.

அவர் அதை அம்மாவிடம் சொல்வது கேட்டது. பிறகு, தள்ளியிருந்து ஒரு குரல்.

“அதான் அவன் போயிருக்கானே. லைன் இழுத்துக் குடுப்பான்.”